கப்கேக்கில் கைவரிசை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

வீட்டாரோடும் நண்பர்களோடும் சேர்ந்து கப்கேக் அலங்கரிப்பதில் எழும் சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன: எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு கேக்கை அடுப்பில் ஏற்றுவது. அலங்காரம் ஒரு மணி நேர விளையாட்டு. அதற்கு முந்தைய வேலை முழுவதும் விருந்தாளி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 8 குழந்தைகள், 4 பெரியவர்கள் சேர்ந்து 24 கப்கேக் அலங்கரிக்கத் திட்டம். கிரீம் எவ்வளவு வேண்டும்? எதை முதல் நாளே செய்யலாம், எதை அன்றைக்குச் செய்ய வேண்டும்?

பதில்: நட்சத்திர நாசிலால் (கிரீம் பையின் முனையில் மாட்டும் கூம்பு) உயரமாகச் சுற்றினால் ஒரு கப்கேக்குக்கு 40 முதல் 50 கிராம் பட்டர்கிரீம் செலவாகும். கத்தியால் மெலிதாகத் தடவினால் 20, 25 கிராமே போதும். 24-க்கும் சுற்று வைப்பதானால் சுமார் 1,100 கிராம். குழந்தைகள் பிதுக்கும்போது தட்டிலும் விரலிலும் வாயிலும் போவதையும் சேர்த்து 1,250 கிராம் என்று கணக்கு வையுங்கள். அதற்கு உப்பில்லாத வெண்ணெய் 400 கிராம், ஐசிங் சுகர் 800 கிராம், பால் 60 மில்லி, வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். திகட்டும் இனிப்பை மட்டுப்படுத்துவது அதுதான்.

முதல் நாள்: கேக்கைச் சுட்டு, முழுவதும் ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வெளியிலேயே வையுங்கள். கிரீமை அடித்து, நிறம் கலந்து, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நிறம் சேர்ப்பதையும் அன்றே முடிப்பதற்குக் காரணம் உண்டு, கீழே இன்னொரு பதிலில் சொல்கிறோம்.

அன்று: 2 மணி நேரம் முன்பே கிரீமை வெளியே எடுங்கள். தானாக இளகிய பின் பீட்டரால் 2 நிமிடம் அடித்தால் பழைய பதத்துக்கு வந்துவிடும். அவசரப்பட்டு மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் உருகி நடு கெட்டியாக நிற்கும்.

ஒரு குழந்தைக்கு ஒரு பைப்பிங் பை, அதாவது கிரீமைப் பிதுக்கும் கூம்புப் பை. அதில் 120 முதல் 150 கிராமுக்கு மேல் நிரப்பாதீர்கள். சின்னக் கைக்குப் பெரிய பை அடங்காது. மேல்வாயிலிருந்து பிதுங்கி முழங்கை வரை வழியும். பையின் வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கிரீமில் பாதியை வெள்ளையாகவே வைத்துக்கொண்டு மீதியை மூன்று நிறமாகப் பிரியுங்கள். ஐந்தாறு நிறம் வைத்தால் யாருக்கு எது என்ற பஞ்சாயத்திலேயே நேரம் போய்விடும்.

மேஜையில் ஆளுக்கு ஒரு விளிம்புள்ள தட்டு வையுங்கள். சிந்தும் ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் நிறச் சர்க்கரை மணிகள்) தட்டிலேயே தங்கும், திரும்ப அள்ளிப் போடலாம். முதலில் எல்லோரும் வெறும் தட்டில் இரண்டு மூன்று முறை பிதுக்கிப் பழகட்டும். அந்தக் கிரீமை வழித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், வீணாகாது. ஆளுக்கு இரண்டு கேக் வருகிறது. ஒன்று கைபழக, ஒன்று காட்ட. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பைகளை வாங்கி, குளிர்ந்த தட்டில் வைத்திருக்கும் மாற்றுப் பையைக் கொடுங்கள். கைச்சூட்டில் கிரீம் அதற்குள் இளகியிருக்கும்.

கேள்வி: ஒருமுறை கிரீம் வழிந்து ஓடுகிறது, அடுத்த முறை பையை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. அளவு ஒன்றுதான். தவறு எங்கே?

பதில்: அளவில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது. அடிக்கத் தொடங்கும்போது வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டக் கூடாது. பளபளத்தால் வெண்ணெய் ஏற்கெனவே உருகத் தொடங்கிவிட்டது. உருகிய கொழுப்பு காற்றைப் பிடித்து வைக்காது. அதன் பிறகு எவ்வளவு அடித்தாலும் நிற்காது.

வழியும் கிரீமைப் பார்த்ததும் பலர் கைப்பிடி கைப்பிடியாகச் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். அந்த நேரத்துக்குக் கெட்டியானது போலத் தெரியும், வாயில் வைத்தால் வெறும் சர்க்கரை. கிண்ணத்தோடு 10 முதல் 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். கெட்டியாக இருந்தால் பாலை ஒரு டீஸ்பூன், ஒரு டீஸ்பூனாகச் சேருங்கள். ஒரேயடியாக ஊற்றினால் திரும்பி வர வழியில்லை.

திரிந்தது போலக் கட்டி கட்டியாகத் தெரிகிறதா? வெண்ணெயோ பாலோ சில்லென்று இருந்திருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தைப் பத்து விநாடி பிடித்து, ஓரம் லேசாக இளகியதும் அடியுங்கள். சேர்ந்துவிடும்.

பதம் பார்க்க ஒரு வழி: கரண்டியைக் கிரீமில் அமுக்கி நிமிர்த்துங்கள். முனை விறைத்து நேராக நின்றால் இதழ் இதழாகப் பூ வைக்க ஏற்றது. நுனி மட்டும் லேசாக வளைந்தால் சுற்று வைக்க ஏற்றது. முழுவதும் சாய்ந்தால் தடவ மட்டுமே ஆகும். கடைசி 2 நிமிடம் பீட்டரை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பெரிய காற்றுக் குமிழ்கள் உடையும். இதைத் தவிர்த்தால் பிதுக்கும் நடுவில் 'பட்' என்று வெடித்துக் கோடு அறுந்துபோகும்.

கேள்வி: ஐசிங் சுகருக்குப் பதில் சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துப் போட்டேன். கிரீம் நறநறவென்று இருக்கிறது. இன்னும் அதிக நேரம் அடித்தால் கரையுமா?

பதில்: கரையாது. சர்க்கரை நீரில்தான் கரையும், கொழுப்பில் கரையாது. வெண்ணெயில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு. நீர் ஆறில் ஒரு பங்குதான். அந்த நீரும் சேர்த்த கொஞ்சம் பாலும் அவ்வளவு சர்க்கரையைக் கரைக்கப் போதாது. கடையில் வாங்கும் ஐசிங் சுகர் முகப்பவுடர் போல நைசாக இருப்பதால் கரையாமலேயே நாக்குக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ரகசியம் அவ்வளவுதான். கட்டி தட்டாமல் இருக்க அதில் சோள மாவும் கொஞ்சம் இருக்கும்.

இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்ற வெதுவெதுப்பான பால் 1 டேபிள்ஸ்பூன் விட்டுக் கலந்து, 15 நிமிடம் அப்படியே வைத்துவிட்டு அடியுங்கள். ஓரளவு குறையும். அடுத்த முறையும் வீட்டுச் சர்க்கரைதான் என்றால் சர்க்கரை கரைந்தே தீரும் முறைக்கு மாறுங்கள்: மைதா 40 கிராம், சர்க்கரை 200 கிராம், பால் 240 மில்லி மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே கெட்டியான கூழாக்குங்கள். குமிழி விட்ட பின்னும் ஒரு நிமிடம் கிளறினால்தான் மாவின் பச்சை வாசனை போகும். மேலே ஆடை கட்டாதபடி ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கூழின் மீதே படிய வைத்து மூடி, முழுவதும் ஆறவிடுங்கள். 225 கிராம் வெண்ணெயைத் தனியே வெளுக்கும்வரை அடித்து, கூழை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடியுங்கள். இனிப்பு குறைவு, முட்டையும் இல்லை. கூழில் சூடு துளி இருந்தாலும் வெண்ணெய் உருகிப் பாழாகிவிடும். கிண்ணத்தின் அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டே சேருங்கள்.

கேள்வி: நாசில் பெட்டியில் 50-க்கும் மேல் இருக்கிறது. எதைத் தொடுவது என்றே புரியவில்லை. முதலில் பழக எது நல்லது? ரோஜா மாதிரி சுற்றுவது எப்படி?

பதில்: பெட்டியை மூடி வையுங்கள். மூன்று போதும்: 1எம் எனப்படும் பெரிய திறந்த நட்சத்திரம், 1ஏ எனப்படும் பெரிய வட்டம், இலைக்கு 352. நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறலாம் என்பதால் வடிவத்தைப் பார்த்து எடுங்கள். புல், பஞ்சு, விலங்கின் ரோமம் போன்றவற்றுக்கு ஆசைப்பட்டால் பல துளை உள்ள 233-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அதைவிடப் பிடித்த நாசில் கிடையாது. அமுக்கி, ஒரு சென்டிமீட்டர் மேலே இழுத்து, விட்டுவிட்டால் போதும். கோணல்மாணலாக வந்தால்தான் புல்லுக்கு அழகு.

பையை நிரப்புவது: நாசிலைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியுமளவு முனையை வெட்டுங்கள். கூடுதலாக வெட்டினால் பிதுக்கும்போது நாசிலும் சேர்ந்து வெளியே வந்துவிடும். உயரமான டம்ளரில் பையை நிறுத்தி, வாயை வெளிப்பக்கமாக மடித்து, பாதி வரை நிரப்புங்கள். மேஜை ஓரத்தில் பையை வைத்து, சப்பட்டைக் கரண்டியால் மேலிருந்து நாசில் பக்கமாகத் தள்ளினால் இடையில் சிக்கிய காற்று வெளியேறும். வாயை முறுக்கி, முறுக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடியுங்கள். பிதுக்குவது இந்தக் கை மட்டும்தான். மற்றக் கை நாசிலுக்கு அருகில் விரல் நுனியால் தாங்கினால் போதும். இரண்டு கையாலும் பிதுக்குகிறவர்களுக்குக் கோடு நடுங்கும்.

உயரச் சுற்று: பை செங்குத்தாக, நாசில் கேக்குக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே. நடுவில் முதலில் ஒரு சின்னக் குமிழ் வையுங்கள். இதை வைக்காவிட்டால் உள்ளே குழியாகி, சுற்று சற்று நேரத்தில் உட்கார்ந்துவிடும். பிறகு ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டு ஒரு முழு வட்டம், அதன் மேல் உள்ளே தள்ளி இன்னொன்று, அதற்கும் மேல் சின்னதாக ஒன்று. நாசிலைப் பொட்டளவு கீழே அழுத்தி, பிதுக்குவதை முழுவதும் நிறுத்தி, பிறகு நேராக எடுங்கள். நிறுத்துவதற்கு முன்பே தூக்கினால் நுனி வால் மாதிரி நீண்டு ஒரு பக்கம் சாயும்.

ரோஜா இதற்கு நேர் எதிர். நடுவில் தொடங்கி வெளிப்புறமாகச் சுற்ற வேண்டும். நாசிலின் உயரத்தை மாற்றக் கூடாது. ஓரத்தை எட்டியதும் பிதுக்குவதை மெல்லத் தளர்த்தி, முடிவை முந்தைய சுற்றுக்குள் செருகுவது போல இழுத்துவிடுங்கள். வரி வரியான விளிம்பு மழுங்கினால் கிரீம் சூடேறிவிட்டது. கோடு அறுந்தால் பிதுக்குவதைவிடக் கை வேகமாக ஓடுகிறது. வளைவில் விரிசல் விட்டால் கிரீம் கெட்டி.

நாசிலே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கெட்டியான ஜிப் பையின் ஒரு மூலையில் 5 மில்லிமீட்டர் வெட்டிப் பொட்டுகள் வையுங்கள். ஒவ்வொரு பொட்டையும் ஸ்பூனின் பின்புறத்தால் அமுக்கி நடுவை நோக்கி இழுத்தால் இதழ். ஓரத்தில் ஒரு வரிசை, அதன் மேல் இன்னொரு வரிசை என்று வைத்து, நடுவில் ஒரு மிட்டாயைப் பதித்தால் முழுப் பூ. ஸ்பூனை ஒவ்வொரு இதழுக்கும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த இதழ் ஒட்டிக்கொண்டு கையோடு வரும்.

கேள்வி: சிவப்பு கலந்தால் ரோஸ்தான் வருகிறது. நீலம் கலந்தால் பாசிப் பச்சை. ஏன்?

பதில்: நீலம் பச்சையானதற்கு வெண்ணெயின் மஞ்சள்தான் காரணம். சர்க்கரை சேர்ப்பதற்கு முன் வெண்ணெயை மட்டும் 5 முதல் 7 நிமிடம் அடித்தால் நன்றாக வெளுக்கும். மீதி மஞ்சளை அடக்க, பல்குச்சி நுனியில் ஊதா நிறத்தைத் தொட்டுக் கலக்குங்கள். நுனியில் ஒட்டியது மட்டும்தான். கொஞ்சம் கூடினால் கிரீம் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளையாக வேண்டும் என்கிறவர்களுக்கும் இதே வித்தைதான்.

சிவப்பும் கறுப்பும் பொறுமைக்கு வைக்கும் சோதனை. நீர்த்த திரவ நிறத்தை விட்டுவிட்டு ஜெல் நிறத்துக்கு மாறுங்கள். திரவத்தை நிறம் ஏறும்வரை ஊற்றினால் கிரீம் பிரிந்துவிடும். ஜெல் கலந்தவுடன் அடர் ரோஸாகத் தெரிவது இரவு முழுவதும் வைத்தால் சிவப்பாக ஏறும். முதல் நாளே கலக்கச் சொன்னது இதற்குத்தான். கறுப்புக்கு வெள்ளைக் கிரீமில் தொடங்காதீர்கள். கொக்கோ சேர்த்து அடர் பழுப்பாக்கி, அதில் கறுப்பு ஜெல் சேர்த்தால் கால்வாசி நிறத்திலேயே வேலை முடியும். கசப்பும் இருக்காது, பல்லும் கறுக்காது.

அவசரம் என்றால் நிறம் கலந்த கிரீமில் 2 டேபிள்ஸ்பூன் எடுத்து மைக்ரோவேவில் உருக்கி, சற்று ஆறியதும் மீதியோடு சேர்த்து அடியுங்கள். நிறம் ஒரு படி கூடும். கிரீம் பட்ட பல்குச்சியை மறுபடி ஜெல் டப்பாவில் விடாதீர்கள். உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

செயற்கை நிறம் வேண்டாம் என்கிறவர்களுக்கு உறைநிலையில் உலர்த்திய ஸ்ட்ராபெரியைப் பொடித்துச் சலித்தால் நிறமும் புளிப்பும் சேர்ந்து கிடைக்கும். திகட்டும் பட்டர்கிரீமுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. புதுப் பழத்தை அரைத்து ஊற்றினால் நீர் விட்டுக் கெடும்.

கேள்வி: அம்மாவுக்குக் கை நடுக்கம், மகனுக்கு 3 வயது. இருவரும் வேடிக்கை மட்டும் பார்க்காமல் கூட உட்கார்ந்து செய்ய ஏதாவது உண்டா?

பதில்: இருவருக்கும் ஒரே வேலை பொருந்தும்: முக்கி எடுப்பது. 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்குங்கள். 200 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி அதன் மேல் ஊற்றி, 3 நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கலக்குங்கள். இந்தக் கனாஷ் வெதுவெதுப்பாகும்வரை காத்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் கேக் உறிஞ்சிக்கொள்ளும், அதிகம் ஆறினால் கட்டியாக அப்பும். கேக்கின் அடியைப் பிடித்துத் தலைகீழாக முக்கி, லேசாகத் திருகித் தூக்கி, ஒரு விநாடி சொட்டவிட்டு நிமிர்த்தினால் கண்ணாடி போன்ற மேற்பரப்பு. நடுங்கும் கையிலும் இது பிசகாது. இந்த அளவு 24 கேக்குக்குப் போதும். வெள்ளைச் சாக்லேட் என்றால் 300 கிராமுக்கு 100 மில்லி கிரீம்தான். அதில் கொக்கோத் திடப்பொருள் இல்லாததால் சரிபாதி போட்டால் இறுகாது.

மகனுக்குக் கூடுதலாக ஒன்று: நீங்கள் கிரீமை மட்டமாகத் தடவிக் கொடுங்கள், அவன் கேக்கைச் சக்கரம் போல ஸ்பிரிங்கிள்ஸ் தட்டில் ஓரமாக உருட்டட்டும். இந்த வயதுக்கு முழு நட்ஸ், உருண்டையான கடின மிட்டாய் இரண்டையும் மேஜையிலேயே வைக்காதீர்கள். தொண்டையில் சிக்கும்.

அம்மா பைப்பிங்கும் செய்து பார்க்க விரும்பினால் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் கேக்கை வையுங்கள். முழங்கை மேஜையில் ஊன்றியபடி இருக்கட்டும். அவர் கையை அசைக்காமல் பிதுக்க, பக்கத்தில் ஒருவர் கேக்கை மெல்லத் திருப்பினால் சுற்று தானாக விழும். பேரக்குழந்தைகளில் பெரியவரிடம் திருப்பும் பொறுப்பைக் கொடுங்கள். திருப்புகிறவர் வேகம் காட்டாமல் இருந்தால் போதும்.

கேள்வி: மினுமினுக்கும் தூளும் வெள்ளி மணியும் கடையில் பார்க்க ஆசையாக இருக்கிறது. 'நச்சற்றது' என்று எழுதியிருந்தால் சாப்பிடலாம்தானே?

பதில்: கூடாது. நச்சற்றது என்பது கைவினைப் பொருளுக்கும் போடும் முத்திரை. விழுங்கினால் உடனே ஆபத்தில்லை என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் கிடையாது. 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும் உட்பொருட்களின் பட்டியலும் இரண்டும் இருக்க வேண்டும். பட்டியலே இல்லாத டப்பாவை எவ்வளவு அழகாக இருந்தாலும் கேக் பக்கம் கொண்டுவராதீர்கள். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இப்படிப்பட்ட மினுக்குத் தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட 6 குழந்தைகள் நோயுற்றார்கள். பரிசோதித்ததில் கேக்கின் மேற்பூச்சில் செம்பு மிக அதிகமாக இருந்தது. வெள்ளி மணிகளும் அமெரிக்காவில் அலங்காரத்துக்கு மட்டுமே. பல்லுக்கும் கேடு. வைத்தே ஆக வேண்டுமென்றால் சாப்பிடும் முன் எடுத்துவிடுங்கள்.

தோட்டத்துப் பூவும் அப்படியே. அரளி முழுச்செடியும் விஷம். சாப்பிடும் பூ என்று உறுதியாகத் தெரிந்து, பூச்சிமருந்து அடிக்காமல் வளர்ந்திருந்தால் மட்டும் வையுங்கள்.

கேள்வி: விப்பிங் கிரீம் மேல் தூவிய ஸ்பிரிங்கிள்ஸ் அரை மணியில் சாயம் விட்டுக் கறையாகிவிட்டது. பட்டர்கிரீமில் தூவினாலோ ஒட்டாமல் உதிர்கிறது!

பதில்: விப்பிங் கிரீமில் நீர் அதிகம். சர்க்கரை மேல் பூசிய சாயம் அதில் கரைந்து ஓடும். மிகச்சிறிய உருண்டை மணிகள்தான் முதலில் சாயம் விடும். பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். பட்டர்கிரீமில் பிரச்சினை நேரெதிர். சர்க்கரை அதிகமான கிரீம் பத்து நிமிடத்தில் மேலே வறண்டு தோல் கட்டும். இரண்டு மூன்று கேக் சுற்றியதும் உடனே தூவுங்கள், 24-ஐயும் முடித்துவிட்டுத் தூவலாம் என்று காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் இருந்தால் ஒருவர் சுற்ற, பக்கத்தில் இருப்பவர் தூவ என்று ஜோடி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சுட்டு எடுத்த கேக் மலை போலக் கூம்பி வெடிக்கிறது. பேப்பர் கப்பும் தானாகக் கழன்றுகொள்கிறது.

பதில்: கூம்புவது ஓவன் சூடு அதிகம் என்பதால். ஓரம் சட்டென்று வெந்து இறுக, நடுமாவு மேலே பீறிடுகிறது. 180-இலிருந்து 165 அல்லது 170 டிகிரிக்கு இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வையுங்கள். கப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு வேண்டாம். ஏற்கெனவே கூம்பியதை ரம்பக் கத்தியால் மட்டமாக வெட்டி, மெலிதாகக் கிரீம் தடவித் தூளை அடக்கிவிட்டு அலங்கரியுங்கள். வெட்டிய துண்டு யாருக்கு என்பதை வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பேப்பர் கழல்வது ஆவியால். 5 நிமிடத்துக்கு மேல் சூடான தட்டிலேயே விட்டாலும், ஆறுமுன் டப்பாவில் மூடினாலும் ஈரம் பேப்பருக்குள் இறங்கும். கம்பித் தட்டுக்கு மாற்றி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே கிரீம் வைத்தால் அதுவும் வழுக்கி இறங்கும்.

கேள்வி: இரண்டு நிறம் கலந்த சுற்று எப்படி?

பதில்: ஒட்டும் பிளாஸ்டிக் தாளை விரித்து, இரண்டு நிறக் கிரீமையும் பக்கத்துப் பக்கத்தில் 3 சென்டிமீட்டர் அகலக் கோடுகளாக வையுங்கள். தாளோடு சுருட்டி, இரு முனையையும் முறுக்கி, ஒரு முனையை வெட்டி, அப்படியே நாசில் போட்ட பைக்குள் இறக்குங்கள். இரண்டு நிறமும் சேர்ந்து வரும்வரை தட்டில் பிதுக்கிவிட்டுக் கேக்குக்குப் போங்கள். தீர்ந்ததும் சுருளை உருவிவிட்டு வேறு நிறத்தைச் செருகலாம், பை கழுவும் வேலை மிச்சம். ரோஸும் வெள்ளையும், நீலமும் வெள்ளையும் கண்ணுக்கு இதம். சிவப்பும் பச்சையும் தொடும் இடத்தில் சேறாகத்தான் தெரியும்.

கேள்வி: ஃபாண்டன்ட் எனும் சர்க்கரைப் பிசைமாவில் செய்த பொம்மைகள் கேக் மேல் வைத்ததும் தொளதொளவென்று ஆகி விழுகின்றன.

பதில்: ஃபாண்டன்ட் பெரும்பகுதி சர்க்கரை. ஈரத்தை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதை இறுகச் செய்யும் சிஎம்சி பவுடரை 250 கிராமுக்கு 1 டீஸ்பூன் சேர்த்துப் பிசைந்து, இரண்டு நாள் முன்பே செய்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். அடிப்பக்கத்தில் உருக்கிய சாக்லேட்டை மெலிதாகத் தடவிக் காயவிட்டால் கிரீமின் ஈரம் ஏறாது. தட்டையான வட்டம் வெட்டி மூடுவதானால் 3 மில்லிமீட்டர் கனம், 7 சென்டிமீட்டர் விட்டம் கணக்கு. தேய்க்கும்போது ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை இறுக்கி மூடி வையுங்கள். திறந்து வைத்தால் யானைத்தோல் போல வெடிக்கும்.

கேள்வி: வருபவர்களில் ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இன்னொரு குடும்பம் சுத்த சைவம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஒவ்வாமை உள்ள குழந்தையின் பங்கைத் தனிப் பை, தனி நாசில், தனி ஸ்பிரிங்கிள்ஸ் கிண்ணத்தோடு எல்லோருக்கும் முன்பே ஒதுக்கி மூடுங்கள். அன்றைக்கு மேஜையில் கடலைப் பொருளே இல்லாமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. ஒரே கிண்ணத்தில் பத்துக் கை நுழையும்போது கண்காணிக்க முடியாது. ஸ்பிரிங்கிள்ஸ், சாக்லேட் டப்பாக்களில் 'கடலைத் துகள் இருக்கலாம்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெற்றோரிடமும் டப்பாவைக் காட்டிவிடுங்கள்.

சைவத்துக்கு முட்டையில்லாக் கேக் சுட்டால் மட்டும் போதாது. மார்ஷ்மெல்லோவிலும் சில ஃபாண்டன்டிலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சிவப்பு நிறத்தில் இ120 என்ற எண் இருந்தால் அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன்.

கேள்வி: முடித்த கேக்குகளை எத்தனை நாள் வைக்கலாம்? மிஞ்சிய கிரீமை என்ன செய்வது? நண்பர்கள் எப்படி வீட்டுக்கு எடுத்துப் போவது?

பதில்: பட்டர்கிரீம் போட்டது குளிர்ந்த அறையில் ஒரு நாள், ஃப்ரிட்ஜில் மூன்று நாள். ஃப்ரிட்ஜில் கேக்கின் மாவுச்சத்து இறுகி வறட்டிவிடும். சாப்பிட முக்கால் மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள், டப்பாவைத் திறக்காமல். திறந்தால் ஈரம் கேக்கின் மேல் வியர்க்கும், மூடியிருந்தால் டப்பாவின் மேல் வியர்க்கும். விப்பிங் கிரீம் போட்டது எப்போதும் ஃப்ரிட்ஜில்தான். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது, 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான். அலங்கரிக்காத கேக்கை இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு மாதம் வைக்கலாம்.

கிண்ணத்தில் கை படாமல் மிஞ்சிய கிரீமை மூடி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். குழந்தைகள் பிதுக்கிய பையில் மிஞ்சியதை வைக்காதீர்கள். நாசில் எத்தனை முறை வாய்க்குள் போய் வந்தது என்று எண்ணியவர் யாரும் இல்லை.

கொண்டுபோவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிடுங்கள். குழி உள்ள டப்பா கிடைக்காவிட்டால் ஆழமான அட்டைப்பெட்டிக்குள் பொருந்தும் இன்னொரு தாழ்ந்த பெட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் 5 சென்டிமீட்டர் வட்டங்கள் வெட்டி, கேக்குகளைச் செருகுங்கள். சுற்றின் உச்சிக்கும் மூடிக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். காரில் இருக்கையில் வைக்காதீர்கள், அது சரிவாக இருக்கும். தரையில், ஈரத்துணியோ ரப்பர் விரிப்போ போட்டு அதன் மேல் வையுங்கள். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். உடல் சூட்டில் முதலில் இளகுவது அந்தப் பெட்டிதான்.